செல்களுக்கிடையே விரைவுக் கைமாற்றம்

நகர்பேசி வலையமைப்பில், பேசிக்கொண்டோ தரவைப் பெற்றுக்கொண்டோ நகரும் ஒரு கைப்பேசியின் இணைப்பை ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்கு மாற்றிக் கொடுப்பது கைமாற்றம் எனப்படும். இது ஆங்கிலத்தில் ஹேண்டோவர் என்றும், அமெரிக்க வழக்கில் ஹேண்டாஃப் என்றும் அழைக்கப்படுகிறது. இம்மாற்றத்தின்போது ஏற்படும் தடங்கலைச் சில மில்லிநொடிகளாகவோ, இயன்றால் சுழியாகவோ குறைக்கும் முறைகள் விரைவுக் கைமாற்ற முறைகள் ஆகும். மாற வேண்டிய நேரம் வருவதற்கு முன்பே அதற்கான வேலைகளை முடித்து வைப்பது இம்முறைகளின் பொது அடிப்படையாகும்.

செல் அமைப்பும் கைமாற்றத்தின் தேவையும்

ஒரு நகரம் முழுவதற்கும் ஒரே உயரமான கோபுரம் அமைத்தால், ஓர் அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பேச முடியும். நிலப்பரப்பைச் சிறு செல்களாகப் பிரித்தால், போதிய தொலைவிலுள்ள மற்றொரு செல்லில் அதே அலைவரிசையை மீண்டும் பயன்படுத்தலாம். இக்கருத்தை 1947ஆம் ஆண்டு பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த டி. எச். ரிங் ஒரு குறிப்பில் முன்வைத்தார். அமெரிக்காவில் முதல் வணிகச் செல்பேசிச் சேவை 1983 அக்டோபரில் சிகாகோவில் தொடங்கியது.

செல்லின் அளவு குறையக் குறைய, அதிகம் பேருக்கு இடம் கிடைக்கும். ஆனால் நகரும் பயனர் அடிக்கடி செல் எல்லையைக் கடக்க வேண்டியிருக்கும். எனவே செல்பேசி முறையின் நன்மையும் கைமாற்றச் சிக்கலும் ஒன்றாகவே வளர்கின்றன.

கைமாற்றத்தின் படிநிலைகள்

1. அளவிடல்: கைப்பேசி தன் செல்லின் சிக்னல் வலிமையையும் அண்டைச் செல்களின் வலிமையையும் இடைவிடாது அளந்து வலையமைப்புக்கு அறிக்கை அனுப்புகிறது.
2. முடிவெடுத்தல்: எந்தச் செல்லுக்கு, எப்போது மாற்றுவது என்பதை வலையமைப்பு தீர்மானிக்கிறது.
3. தயாரித்தல்: பழைய நிலையம் புதிய நிலையத்திடம் இடம் கேட்கிறது. புதிய நிலையம் இடத்தை ஒதுக்கி ஒப்புதல் தருகிறது.
4. நிறைவேற்றல்: "மாறு" என்ற கட்டளை கைப்பேசிக்குச் செல்கிறது. அது பழைய இணைப்பை விட்டு, புதிய நிலையத்துடன் நேர ஒத்திசைவு பெற்று நுழைகிறது.
5. நிறைவு: மைய வலையமைப்பு தரவுப் பாதையைப் புதிய நிலையத்தின் பக்கம் திருப்புகிறது. பழைய நிலையம் ஒதுக்கியிருந்த இடம் விடுவிக்கப்படுகிறது.

பயனருக்குத் தடங்கல் ஏற்படுவது பெரும்பாலும் நான்காம் படியில்தான். ஆனால் அழைப்பு முற்றிலும் துண்டிக்கப்படுவதற்கு முதல் மூன்று படிகளின் தாமதம் முக்கியக் காரணமாகிறது.

தாமதத்தின் விளைவு

ஒரு கணக்கைக் கொண்டு இதை விளங்கிக்கொள்ளலாம். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் தொடருந்து, ஒரு நொடியில் ஏறத்தாழ 83 மீட்டர் கடக்கும். பாதையோரச் செல் ஒவ்வொன்றும் 1 கிலோமீட்டர் நீளம் எனக் கொண்டால், 12 நொடிக்கு ஒருமுறை கைமாற்றம் தேவைப்படும். முடிவெடுக்க அரை நொடி ஆனால், அதற்குள் தொடருந்து சுமார் 42 மீட்டர் முன்னே சென்றிருக்கும்.

நகர்பேசிகளில் பேச்சு பொதுவாக 20 மில்லிநொடித் துண்டுகளாக அனுப்பப்படுகிறது. 50 மில்லிநொடித் தடங்கலில் இரண்டு அல்லது மூன்று துண்டுகள் மட்டுமே இழக்கப்படும். காது அதைப் பெரிதாக உணராது. தொலைவிலிருந்து இயக்கப்படும் இயந்திரத்துக்கோ அதே 50 மில்லிநொடி மிக நீண்ட நேரமாக இருக்கலாம்.

இதைவிடக் கடுமையான சிக்கல் ஒன்று உண்டு. வழக்கமான முறையில், மாறுவதற்கான கட்டளை பழைய செல் வழியாகவே வர வேண்டும். அச்செல்லின் சிக்னல் அதற்குள் மங்கிவிட்டால் கட்டளை வந்து சேராது. அடுத்த செல்லில் இடம் தயாராக இருந்தும் அழைப்பு அறுந்துபோகும்.

மிக விரைவில் மாறுவதன் சிக்கல்

தாமதம் கூடாது என்பதற்காக, அண்டைச் செல் சற்று வலுவானவுடனேயே மாறிவிடவும் இயலாது. கட்டடங்கள், வாகனங்கள் ஆகியவற்றின் எதிரொலிப்பால் சிக்னல் நொடிக்கு நொடி ஏறி இறங்கும். எல்லையில் நிற்கும் கைப்பேசி இரு செல்களுக்கிடையே மாறி மாறி ஊசலாடும். இது பிங்-பாங் விளைவு எனப்படுகிறது.

இதைத் தவிர்க்க இரண்டு காப்புகள் வைக்கப்படுகின்றன. அண்டைச் செல் குறிப்பிட்ட அளவு, எடுத்துக்காட்டாக 3 டெசிபெல், கூடுதல் வலிமை பெற்றிருக்க வேண்டும். 3 டெசிபெல் என்பது ஏறத்தாழ இரு மடங்கு திறனாகும். அந்நிலை குறிப்பிட்ட நேரம் நீடிக்கவும் வேண்டும். அந்த நேரம் 320 மில்லிநொடி எனில், மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவர் அதற்குள் அரை மீட்டர்கூட நகரமாட்டார். மேற்கூறிய தொடருந்தோ 27 மீட்டர் கடந்துவிடும். எனவே ஒரே அளவு எல்லாருக்கும் பொருந்தாது. 4ஜி எல்டிஇ முறையில், கைப்பேசியின் வேகத்துக்கேற்ப இந்த நேரத்தைக் குறைக்க வழி உள்ளது.

தலைமுறைகளில் வளர்ச்சி

முதல் தலைமுறை ஒப்புமை முறையில் நிலையங்களே சிக்னலை அளந்தன. கைப்பேசிக்கு அதில் பங்கில்லை. இரண்டாம் தலைமுறை ஜிஎஸ்எம் முறையில் கைப்பேசியே அண்டைச் செல்களை அளந்து, வலுவான ஆறு செல்களின் விவரத்தை 480 மில்லிநொடிக்கு ஒருமுறை அனுப்பியது.

சிடிஎம்ஏ முறையில் அண்டைச் செல்கள் ஒரே அலைவரிசையைப் பயன்படுத்துவதால், கைப்பேசி ஒரே நேரத்தில் இரு நிலையங்களுடன் தொடர்பு கொள்ள முடிந்தது. பழையதை விடும் முன் புதியதைப் பற்றிக்கொள்ளும் இம்முறை மென் கைமாற்றம் எனப்படும். இதில் தடங்கல் இல்லை. ஆனால் ஒரு பயனருக்காக இரு செல்களின் இடம் செலவாகிறது. எல்டிஇ மீண்டும் பழையதை விட்டபின் புதியதில் சேரும் வன் கைமாற்றத்துக்கே திரும்பியது. அதன் குறையை ஈடுசெய்யப் பின்வரும் முறைகள் உதவுகின்றன.

விரைவுபடுத்தும் முறைகள்

நிலையங்களுக்கிடையே நேரடித் தொடர்பு: எல்டிஇயில் அண்டை நிலையங்கள் எக்ஸ்2 என்னும் இணைப்பு வழியாகத் தாமே பேசிக்கொள்கின்றன. மாற்றத்தின்போது வந்து சேரும் தரவைப் பழைய நிலையம் புதியதற்கு அனுப்பி வைக்கிறது. கைப்பேசி நுழைவதற்குத் தனிக் குறியீடும் முன்பே ஒதுக்கப்படுவதால், பிற கைப்பேசிகளுடன் மோதல் ஏற்படாது.

நிபந்தனைக் கைமாற்றம்: 3ஜிபிபி அமைப்பின் 16ஆம் வெளியீட்டில் 5ஜிக்குச் சேர்க்கப்பட்டது. சிக்னல் நன்றாக இருக்கும்போதே, மாற வேண்டிய செல்களின் விவரமும் மாறுவதற்கான நிபந்தனையும் கைப்பேசியிடம் கொடுக்கப்படுகின்றன. நிபந்தனை நிறைவேறியதும் கைப்பேசி தானே மாறிக்கொள்கிறது. கடைசி நேரக் கட்டளைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தொடர் ஓட்டத்தில் கோலைப் பெறுபவர், கோல் கைக்கு வரும் முன்பே ஓடத் தொடங்குவதை இதற்கு ஒப்பிடலாம்.

இரட்டை இணைப்புக் கைமாற்றம்: அதே வெளியீட்டில் டாப்ஸ் என்ற பெயரில் வந்தது. புதிய செல்லில் நுழைந்து முடியும்வரை பழைய செல்லின் தரவு இணைப்பும் தொடர்கிறது. தடங்கலைச் சுழிக்கு அருகில் கொண்டுவருவது இதன் நோக்கம்.

கீழடுக்குக் கைமாற்றம்: 18ஆம் வெளியீட்டில் இடம்பெற்றது. பல செல்களின் அமைப்பு விவரங்கள் முன்பே கைப்பேசியில் வைக்கப்பட்டு, மாறும் கட்டளை நீண்ட மேலடுக்குச் செய்தியாக இன்றி, கீழடுக்கின் குறுஞ்செய்தியாக வருகிறது.

வரம்புகள்

முன் தயாரிப்புக்கு விலை உண்டு. நிபந்தனைக் கைமாற்றத்தில் பல செல்கள் ஒருவருக்காக இடம் ஒதுக்குகின்றன. அவர் அவற்றுள் ஒன்றுக்கே செல்வார், மற்ற இடங்கள் அதுவரை வீணாகும். இரட்டை இணைப்பில் கைப்பேசியின் வேலையும் மின்கலச் செலவும் கூடுகின்றன. அண்டைச் செல் ஏற்கெனவே நிரம்பியிருந்தால், எவ்வளவு விரைவான முறையும் அழைப்பைக் காக்காது. அதனால்தான் சில வலையமைப்புகள் புதிய அழைப்புகளுக்குத் தராமல், நகர்ந்து வருவோருக்கெனச் சில இடங்களை ஒதுக்கி வைக்கின்றன. புதிய அழைப்பு கிடைக்காமல் போவதைவிட, நடந்துகொண்டிருக்கும் அழைப்பு அறுவது பயனருக்குப் பெரிய இடையூறு என்பது இதன் அடிப்படையாகும்.