சாம்பலில் முளைத்த சித்திரம்

1945ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீழ்ந்தபோது கெய்ஜி நகசாவாவுக்கு வயது ஆறு. பாடசாலை மதில் அவரைக் காத்தது. தந்தை, தமக்கை, தம்பி மூவரும் மாண்டனர். ஒசாமு தெசுக்காவின் சித்திரக்கதைகளில் மனம் பறிகொடுத்த அச்சிறுவர், வளர்ந்து தோக்கியோ சென்று தாமும் சித்திரக்கதை ஓவியரானார். எனினும், அணுகுண்டைப் பற்றி அவர் வரையவில்லை.

1966இல் தாயார் இறந்தார். தகனத்தின்பின் எலும்புகளைப் பொறுக்கியெடுத்துப் பேணுவது யப்பானியர் மரபு. அங்கே எஞ்சியதோ சாம்பலே. கதிரியக்கம் தாயின் எலும்பையும் உண்டுவிட்டதென அவர் உளங்கொதித்தார். அக்கொதிப்பே 1973இல் ‘வெறுங்கால் கென்’ என்னும் தொடராயிற்று.

எரிந்த உடல்களை அவர் மறையாது வரைந்தார். ஆயினும், மிதிக்க மிதிக்க நிமிரும் கோதுமைப் பயிர்போலவே கென் என்னும் சிறுவனைப் படைத்தார். பல மொழிகளிற் பெயர்க்கப்பட்ட அக்கதை, 2012இல் அவர் மறைந்த பின்னரும் போரின் விலையை இளையோர்க்கு உணர்த்தி வருகின்றது.