சமுதாய ஆக்கமும் தனியாள் நலனும்

சிறியதைப் பெரியதன் பொருட்டுக் கைவிடலாம் என்னும் கருத்து நம்மவரிடையே மிகப் பழைமையானது. மகாபாரதத்திலே விதுரன் திருதராட்டிரனுக்குக் கூறும் அறிவுரையொன்று, ஒருவன், குலம், ஊர், நாடு எனப் படிப்படியாக உயர்ந்து, ஒவ்வொன்றையும் அதனிற் பெரியதன் பொருட்டுத் துறத்தல் தகும் என்கின்றது. சமுதாயத்தின் முன்னேற்றம் தனியாளின் நலத்தினும் பெரிது எனச் சாதிக்க முற்படுவோர்க்கு இவ்வறிவுரை வாய்ப்பான சான்றாகும். எனினும் அது எச்சந்தர்ப்பத்தில், யாரை நோக்கி, யாரைக் குறித்துச் சொல்லப்பட்டது என்பதையும் நோக்குதல் வேண்டும். அதனைப் பின்னர்க் காண்போம். வினாவை முதலில் தெளிவாக்கிக்கொள்ளல் நன்று.

சமுதாயத்தின் வெற்றி என்று நாம் எதனைச் சொல்லுகின்றோம்? ஏற்றுமதியின் பெறுமதி, அரசிறை, புகையிரதப் பாதையின் நீளம், மக்களின் சராசரி ஆயுள் என்பனவற்றையே பெரும்பாலும் குறிக்கின்றோம். இவை யாவும் கூட்டுத்தொகைகள்; அன்றேல் சராசரிகள். கூட்டுத்தொகைக்குப் பசி எடுப்பதில்லை. சராசரிக்குக் காய்ச்சல் வருவதில்லை. ஆயினும் கணக்கின்றி ஆட்சி நடவாது. இதனை நன்குணர்ந்தவர் ஆங்கில அறிஞர் யெரமி பெந்தாம். 1789ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலிலே, ஒரு செயலால் விளையும் இன்பதுன்பங்களைக் கூட்டிக் கழித்து, மிகுதியான இன்பம் தருவதே தக்க செயல் என்னும் அளவையை அவர் வகுத்தார். அக்காலத்தில் இது புரட்சியான கொள்கையே. பிரபுவின் நோவும் பண்ணையாளின் நோவும் ஒரே தராசில் நிறுக்கப்படும் என்பது அதனுட் பொதிந்த கருத்து. பெந்தாமைக் குறைகூறுவோர் இச்சிறப்பை மறந்துவிடுதல் நேரிதன்று.

குறை கூட்டும் முறையிலே உளது. நாளை நன்மை பெறும்பொருட்டு இன்று ஓர் இன்பத்தை ஒருவன் விடுவானாயின் அது விவேகம். இழப்பவனும் பெறுபவனும் அவனே. ஒருவன் இழக்க மற்றொருவன் பெறும்பொழுதும் அதே கணக்கைப் போடுவோமாயின், மக்கள் பலரையும் ஒரே உடம்பாகக் கொண்டவராவோம். 1971இல் நீதி பற்றிய தம் பெருநூலை வெளியிட்ட அமெரிக்க அறிஞர் யோன் றோல்ஸ் எழுப்பிய தடையின் சாரம் இதுவே. அவருக்கு நூறாண்டின் முன்னரே யோன் ஸ்ரூவாட் மில் இவ்விடர்ப்பாட்டை உணர்ந்து, 1859இல் சுதந்திரம் பற்றி எழுதிய நூலிலே தனியாளுக்கு ஓர் அரண் கட்ட முயன்றார். அவ்வரணைப் பெந்தாமின் கூட்டற் கணக்கோடு அவர் முற்றாக இசைவித்தார் என்று சொல்லல் அரிது.

இனி, முழுமையின் நலத்திற்குத் தனியாள் அடங்கிநிற்பது நேர்மையாகும் இடங்களும் உள. 1934, 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையிற் பரவிய மலேரியாக் காய்ச்சல் ஏறத்தாழ எண்பதினாயிரம் உயிரைக் கொண்டது. இரண்டாம் உலகப் போரின் பின் அரசாங்கத்தார் டி.டி.ரி. என்னும் மருந்தை வீடுவீடாகச் சென்று தெளித்தனர். தன் வீட்டுச் சுவரில் வெள்ளைப்பொடி படிவதை எவரும் விரும்பியிரார். வீட்டுக்காரர் தத்தம் விருப்பப்படி மறுத்திருப்பின் அம்முயற்சி பயன்பட்டிராது. 1946இல் ஆயிரவர்க்கு இருபதளவில் இருந்த மரணவீதம் 1947இற் பதினான்களவிற்கு இறங்கியது. இவ்விறக்கம் முழுவதும் டி.டி.ரி.யின் பயனன்று, உணவுப் பங்கீடும் வைத்தியசாலைகளின் பெருக்கமும் அதிற் பங்குடையன. அஃது எவ்வாறாயினும் இங்கு நோக்கற்பாலது ஒன்றுண்டு. சுமையை ஏற்றவனும் பயனைப் பெற்றவனும் ஒருவனே. எவன் சுவரில் மருந்து படிந்ததோ அவன் பிள்ளையே காய்ச்சலினின்று தப்பியது. இத்தகைய இடங்களிற் சமுதாயம், தனியாள் என இரு பக்கமாக நின்று வழக்காட இடமில்லை.

சுமை ஒருவர் தோளிலும் பயன் வேறொருவர் இல்லத்திலும் சேரும் இடத்திலேதான் வழக்குப் பிறக்கின்றது. அதற்கு இலங்கையில் எடுத்துக்காட்டுத் தேடித் தொலைவு செல்லவேண்டியதில்லை. மலைநாட்டை நிமிர்ந்து பார்த்தாற் போதும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கோப்பித் தோட்டங்கள் கண்டிச் சீமையிற் பரவின. 1869இற் கோப்பி இலையிற் கண்ட ஒரு பூஞ்சண நோய் சில ஆண்டுகளில் அப்பயிரையே அழித்தது. அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1867இல், லூல்கந்துரத் தோட்டத்திற் பத்தொன்பது ஏக்கரிலே தேயிலை பயிரிட்டிருந்தார் ஜேம்ஸ் டெயிலர் என்பார். நூற்றாண்டு முடிவதற்குள் தேயிலை நிலம் மூன்று இலட்சம் ஏக்கரைக் கடந்தது. காடு வெட்டியோரும் கன்று நட்டோரும் கொழுந்து கிள்ளியோரும் பெரும்பாலும் தமிழகத்தின் தென் மாவட்டங்களிலிருந்து வந்த ஏழைக் குடியானவர். தொடக்ககாலத்தில் அவர்கள் தோணியேறி மன்னார்க் கரையிலிறங்கி, நீரற்ற காட்டுவழியே மாத்தளைவரை கால்நடையாக நடந்தனர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலே மாண்டோர் பலர். எத்துணையர் என்பதிற் சரித்திர ஆசிரியர் ஒருமைப்படவில்லை. வழிநெடுகச் செத்தவரை எண்ணுவார் ஒருவரும் இருக்கவில்லை என்பதே அதற்குக் காரணம். பிற்காலத்தில் மண்டபத்தில் ஒரு முகாம் அமைக்கப்பட்டது. அங்கே தொழிலாளர் தடுத்துவைக்கப்பட்டு, நோயில்லை என உறுதிசெய்யப்பட்ட பின்னரே இலங்கைக்கு அனுப்பப்பட்டனர். இலங்கையர் நோயினின்று காக்கப்பட்டது உண்மை. காவலின் செலவை அடைபட்டிருந்தவர் தம் நாட்களாற் செலுத்தினர்.

தோட்டத்திலே அவரைக் கட்டிவைத்தது கடன். ஊரிலிருந்து புறப்படும்பொழுது கங்காணி கொடுத்த முன்பணம் தொழிலாளியின் பெயரில் நின்றது. அவன் வேறு தோட்டம் போக விரும்பின், கடனைத் தீர்ப்பவரிடம் அவனை விடுவிக்கச் சம்மதமென்று துரை எழுதித்தரும் ஒரு துண்டுக் கடதாசி வேண்டும். துண்டுமுறை எனப்பட்ட இவ்வழக்கம் 1921இலேதான் ஒழிக்கப்பட்டது.

இவ்வுழைப்பினால் விளைந்தது சமுதாயத்தின் வெற்றியே. அதனை மறுத்தல் பொய்யாகும். கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867இல் ஓடத்தொடங்கிய புகையிரதம் கோப்பிக்காகவே வந்தது. கொழும்புத் துறைமுகத்தின் வளர்ச்சியிலும் பெருந்தெருக்களின் பெருக்கத்திலும் தோட்டங்களின் பங்கு பெரிது. சுதந்திரத்தை அடுத்த பல ஆண்டுகளில் நாட்டின் ஏற்றுமதி வருவாயிற் பாதிக்கு மேற்பட்டது தேயிலையிலிருந்தே கிடைத்தது. 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்விக்கும், பங்கீட்டரிசிக்கும், இலவச வைத்தியத்திற்கும் அரசாங்கம் செலவிட்ட பணத்திற் கணிசமான பகுதி ஈற்றிற் கொழுந்துக் கூடையிலிருந்து வந்ததே. இதனை வாசிக்கும் பழைய மாணவருட் பலர் ஒரு சதமேனும் கட்டணம் கொடாமற் படித்தவர். அவர் ஒரு கணம் இதனை எண்ணிப்பார்த்தல் தகும். அவ்விலவசக் கல்வியின் முழுப் பயனும் சேராது நின்றவை தோட்டப் பாடசாலைகளே. 1970களின் பிற்பகுதிவரை அவை தேசியக் கல்விமுறைக்குப் பெரும்பாலும் புறம்பாகவே இருந்தன.

நேர்மையுடையார் மற்றொரு சாராரையும் இங்கு நினைத்தல் வேண்டும். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம், உறுதி காட்டப்படாத காடும் தரிசும் அரசுக்குரியன என்றது. வழிவழியாகச் சேனை செய்தும் மாடு மேய்த்தும் வந்த கண்டிக் குடியானவர் காட்டவல்ல உறுதி யாது? அவர் நிலத்தின் மேலே தோட்டம் எழுந்தது. ஆகவே ஒரே முன்னேற்றத்திற்கு இரு சாரார் விலைகொடுத்தனர். ஒருவர் நிலத்தையும் மற்றவர் உழைப்பையும் கொடுத்தனர். பிற்கால அரசியல் இவ்விருவரையும் ஒருவர்க்கொருவர் பகைவராக நிறுத்தியதே இச்சரித்திரத்தின் பெருங்கேடு என்று கருதுகின்றேன்.

1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். அடுத்த ஆண்டே பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. இந்நாட்டிற் பிறந்தவனும் தன் தந்தை இந்நாட்டிற் பிறந்தவர் என்றோ, பாட்டனும் பூட்டனும் பிறந்தனர் என்றோ நிறுவவேண்டியவனானான். பிறப்புப் பதிவே அரிதாயிருந்த லயத்து மக்கள் எதைக்கொண்டு நிறுவுவர்? 1949இல் இயற்றப்பட்ட மற்றொரு சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்திற்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பம் செய்யப்பட்டது. பிரசைகளாக ஏற்கப்பட்டவர் ஏறத்தாழ 134,000 பேரே. பிரசாவுரிமை இழந்தவரின் வாக்குரிமையும் அவ்வாண்டிலேயே போயிற்று.

இதன் உட்பொருளைக் காட்டும் ஒரு செய்தி போதியவளவு பேசப்படுவதில்லை. 1946இல் தேர்தற்றொகுதிகள் வகுக்கப்பட்டபொழுது மாகாணத்தின் மொத்தக் குடிசனத்தையும் எண்ணியே, 75,000 பேருக்கு ஓர் ஆசனம் என்னும் வீதத்தில் ஒதுக்கினர். பரப்பளவுக்காகவும் சில ஆசனங்கள் சேர்க்கப்பட்டன. அத்தொகுதிகளே 1952, 1956ஆம் ஆண்டுகளின் தேர்தல்களிலும் நின்றன. தோட்டத் தொழிலாளரின் தலைகள் ஆசனத் தொகையைப் பெருக்குதற்கு எண்ணப்பட்டன. அவ்வாசனத்தில் அமர்பவரைத் தெரிதற்கு அவர்தம் கைகள் வேண்டப்படவில்லை. கூட்டும்பொழுது உள்ளேயும் பகிரும்பொழுது வெளியேயும் வைக்கப்பட்டனர். சமுதாய நலத்திற்காக ஒரு சாராரின் நலத்தைக் கொடுத்தல் நேரும்பொழுது, அச்சாராரைச் சமுதாயத்தினுள் எண்ணாமல் விடுதல் அதற்கு எளிய வழியாகின்றது. அதன்பின் கணக்கிற் குறை தோன்றாது.

தேயிலை இல்லாதிருந்தால் எல்லாரும் வறியராயிருந்திருப்பர். தொழிலாளருந்தான் தம் ஊரிற் பஞ்சத்தால் மடிந்திருப்பர் என ஒரு தடை கூறலாம். 1876-78ஆம் ஆண்டுகளின் தாதுவருடப் பஞ்சத்தை அறிந்தவர் இதனை எளிதிற் புறந்தள்ளார். ஆயினும் இத்தடை தேயிலை வேண்டும் என்பதற்கு விடையாகுமேயன்றி, துண்டுக் கடதாசி வேண்டும் என்பதற்கோ வாக்குரிமை வேண்டாம் என்பதற்கோ விடையாகாது. செடி வளர்தற்கு மழையும் மண்ணும் உழைப்பும் தேவை. தொழிலாளியின் பிள்ளை எழுத்தறியாதிருத்தல் எந்தச் செடிக்கும் எருவானதில்லை.

இனி, தொடக்கத்திற் குறித்த விதுரனிடம் மீள்வோம். துரியோதனன் பிறந்த வேளையில் தீநிமித்தங்கள் தோன்றுகின்றன. அப்பொழுது விதுரன் இவ்வறிவுரையை மொழிகின்றான். குலத்தின் பொருட்டுத் துறக்கப்படவேண்டிய அந்த 'ஒருவன்' யார்? கேட்டுக்கொண்டிருக்கும் அரசனின் தலைமகன். பெற்றவனை நோக்கி, உனக்கு மிக இனியதை நீ விடு என்பதே விதுரன் வாக்கு. அரண்மனை வாயிலிற் கூலிக்கு நிற்பவனை விடு என்பதன்று. அரசன் அதனைக் கேளாமையும் அதன் விளைவும் யாவரும் அறிந்தவை. மேலும், அவ்வறிவுரை நாட்டோடு முடிவதில்லை. அதன் ஈற்றடி, ஆன்மாவின் பொருட்டு உலகனைத்தையுமே விடலாம் என்னும் கருத்தினது. ஏணியின் உச்சியிலே மீண்டும் தனியாளே நிற்கின்றான்.

மனுநீதி கண்ட சோழன் கதையையும் இதனோடு வைத்து நோக்கலாம். பெரியபுராணம் திருவாரூரில் நிகழ்ந்ததாகக் கூறும் இதனையொத்த நிகழ்ச்சியை மகாவம்சம் அநுராதபுரத்திலிருந்து ஆண்ட எல்லாளன்மேல் ஏற்றிக் கூறுகின்றது. தமிழ் நூலும் பாளி நூலும் ஒருவகையாகப் போற்றும் நீதி இது. ஆராய்ச்சிமணியை அசைத்தது பேசவறியாத ஒரு பசு. சோழநாட்டின் ஆக்கத்தோடு அதன் கன்றைத் தராசில் வைத்தால் முள் அசையாது. மைந்தனைக் கொல்லுதல் மரபன்று, மறை மொழிந்த கழுவாய் செய்தலே தொன்றுதொட்டு வரும் நெறி என அமைச்சர் இயம்பியதாகப் பெரியபுராணம் கூறும். கூட்டற் கணக்கின்படி அவர் கூற்றே சரி. அரசன் அக்கணக்கை ஏற்கவில்லை. இங்கும் கொடுக்கப்பட்டவன் அரசனின் சொந்த மகனே.

மலைநாட்டிலோ எண்ணிக்கை மாத்திரமே பேசப்பட்டது. 1964 ஒக்டோபரிற் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால்பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை, 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவிற்கும் 300,000 பேரை இலங்கைக்கும் வகுத்து, எஞ்சிய 150,000 பேரைப் பின்னர்ப் பார்ப்பதென வைத்தது. 1974இல் அவ்வெச்சமும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. ஒரே லயத்தில் வாழ்ந்த உடன்பிறந்தாருள் ஒருவர் கப்பலேற மற்றவர் கொழுந்து கிள்ளத் தங்கினர். எஞ்சியிருந்தோர்க்குப் பிரசாவுரிமையை வழங்கும் சட்டங்கள் 1980களிலும், ஈற்றில் 2003இலும் நிறைவேறின. 1948இல் லயத்தில் நாடற்றவளாகப் பிறந்த குழந்தையொன்று அதுவரை அந்நிலையிலேயே காத்திருந்திருப்பின், அந்த ஆண்டில் அவளுக்கு ஐம்பத்தைந்து வயது.