நாய்க்குட்டியைப் பழக்கும் விதம்

மனிதன் பழக்கிய பிராணிகளுள் நாயே முதன்மையானது. ஆடும் மாடும் அவனை வந்தடைவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் முன்னரே, ஓநாய் இனத்தினின்று பிரிந்த நாய் அவனுடன் வாழத் தொடங்கிவிட்டது. இத்துணை நீண்ட உறவு இருந்தும், பிறக்கும் ஒவ்வொரு குட்டியும் மனிதனைப் புதிதாகவே அறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பழகும் திறன் அதற்குப் பிறவியிலேயே உண்டு. பழக்கமோ பிறவியில் வருவதன்று.

அயலாரைக் கண்டதும் அஞ்சிக் கடிக்கும் நாயை வீட்டார் முதலில் சங்கிலியில் கட்டுகின்றனர். சில காலம் சென்றபின் தெருவில் விட்டுவிடுகின்றனர். இத்தகைய நாய்கள் பலவற்றின் குறை இனத்தினுடையதன்று. குட்டிப் பருவத்தில், குறிப்பிட்ட சில வாரங்களில், கிடைத்திருக்க வேண்டிய கவனம் கிடைக்காமற்போனதே அதன் காரணம்.

பழகுவதற்கு உரிய பருவம்

நாய்க்குட்டி பிறக்கும்போது அதற்குக் கண்ணும் தெரியாது, காதும் கேளாது. ஏறக்குறைய இரண்டு வாரங்களில் கண் திறக்கிறது. மூன்றாவது வாரத்தில் செவி கேட்கத் தொடங்குகிறது. அதன் பின்னரே குட்டி தன் தாயையும் உடன்பிறந்த குட்டிகளையும் மனிதரையும் அறியத் தொடங்குகிறது.

இப்பருவத்தின் எல்லையைக் கண்டறிந்தவர்கள் அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் பார் ஹார்பர் என்னும் ஊரிலுள்ள ஜாக்சன் ஆராய்ச்சிசாலையைச் சேர்ந்த விஞ்ஞானிகள். அங்கு பிரீட்மன், கிங், எலியட் ஆகிய மூவரும் நடத்திய சோதனை 1961-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. உயர்ந்த வேலி சூழ்ந்த திடல்களில், மனிதர் கண்ணிற்படாதவாறு உணவளித்து அவர்கள் குட்டிகளை வளர்த்தனர். சில குட்டிகளை இரண்டாவது வாரத்திலும், வேறு சிலவற்றை மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது வார வயதுகளிலும் வெளியே எடுத்து, ஒரே ஒரு வாரம் மனிதருடன் பழகவிட்டு, மீண்டும் திடலுக்கு அனுப்பினர். எஞ்சிய சில குட்டிகள் 14 வாரம் நிறையும்வரை மனிதருடன் பழகவே இல்லை.

முடிவு தெளிவாக இருந்தது. உரிய பருவத்தில் ஒரு வாரமேனும் பழகிய குட்டிகள் பின்னர் மனிதரை ஏற்றுக்கொண்டன. 14 வாரம்வரை தனித்திருந்தவையோ மனிதரைக் கண்டால் விலகி ஓடின. அதன்பின் எவ்வளவு முயன்றும் இயல்பான உறவு ஏற்படவில்லை. அதே ஆராய்ச்சிசாலையில் பல ஆண்டுகள் ஐந்து இன நாய்களை ஆராய்ந்த ஸ்காட், புல்லர் என்னும் இருவரும் 1965-இல் வெளியிட்ட நூலில், மூன்றாவது வாரம் முதல் பன்னிரண்டாவது வாரம் வரையுள்ள காலமே பழகுவதற்கு உரிய பருவம் என்று நிறுவினர்.

இரு தேவைகள், ஒரே காலம்

இங்கு ஒரு சிக்கல் எழுகிறது. பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற நோய்கள் இளங்குட்டிகளை விரைவில் மாய்த்துவிடும். பார்வோ கிருமி மண்ணில் பல மாதங்கள் உயிர்த்திருக்க வல்லது. தாயின் சீம்பாலிலிருந்து பெற்ற எதிர்ப்பொருள்கள் குட்டியைச் சில வாரங்கள் காக்கின்றன. ஆயினும் அவையே தடுப்பு மருந்தையும் பயனற்றதாக்கிவிடக்கூடும். அவை எப்பொழுது குறையும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடுவதால், ஆறு அல்லது எட்டாவது வாரம் தொடங்கி, மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, 16 வாரம் வரை ஊசி போட வேண்டியிருக்கிறது. அதாவது, நோய்க்காப்பு நிறைவு பெறுவதற்கு முன்னரே பழகும் பருவம் முடிந்துவிடுகிறது.

ஆகவே குட்டியை வீட்டிற்குள் பூட்டி வைப்பதும் தவறு. தெருவில் அவிழ்த்து விடுவதும் தவறு. அதைத் தரையில் விடாமல் கையில் ஏந்திச் சென்று கடைத்தெருவையும் வாகனங்களையும் காட்டலாம். முதியோர், குழந்தைகள், கண்ணாடி அணிந்தவர், குடை பிடித்தவர் எனப் பலதிறத்தாரை வீட்டிற்கு அழைத்து, அவர்கள் கையாலேயே அதற்குத் தின்பண்டம் கொடுக்கச் செய்யலாம். ஊசி போட்ட, நலமுள்ள நாய்களுடன் விளையாட விடலாம். தீபாவளி வெடிக்கு அஞ்சி நடுங்கும் நாய்கள் நம் நாட்டில் ஏராளம். குட்டிப் பருவத்திலேயே பலவகை ஓசைகளை முதலில் மெல்லிதாகவும், பின்னர் சிறிது சிறிதாக உரக்கவும், உணவு வேளையில் கேட்கச் செய்தால் இவ்வச்சத்தைப் பெரிதும் குறைக்கலாம்.

தாயைவிட்டு மிக விரைவில் பிரிப்பதும் கேடு விளைவிக்கும். எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் குட்டி கற்பது உடன்பிறந்தவற்றுடன் விளையாடும்போதுதான். எட்டு வாரம் நிறையாத குட்டிகளை விற்கலாகாது என்று 2017-ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் கூறுவதும் இதற்குப் பொருந்துகிறது.

பயிற்சியின் அடிப்படை

உணவுக்கு முன் கேட்கும் ஓசைக்கே நாயின் வாயில் நீர் ஊறும் என்பதை ரஷ்ய விஞ்ஞானி பாவ்லாவ் விளக்கினார். இன்பமான பயனைத் தரும் செயல் மீண்டும் நிகழும் என்பதை 1898-இல் அமெரிக்க உளவியலார் தார்ண்டைக் பூனைகளைக் கொண்டு காட்டினார். பயிற்சி அனைத்தும் இவ்விரு உண்மைகளையே அடிப்படையாகக் கொண்டது. பரிசு செயலை ஒட்டி, ஓரிரு விநாடிகளுக்குள் கிடைக்க வேண்டும். தாமதித்தால் குட்டி அதை வேறொரு செயலுடன் இணைத்துக்கொள்ளும்.

காலையில் நனைத்த பாய்க்காக மாலையில் அடிப்பது ஏன் பயனற்றது என்பதும் இதனால் விளங்கும். அடியைக் குட்டி பாயுடன் இணைப்பதில்லை; அடித்தவரின் வருகையுடனேயே இணைக்கிறது. அது தலை தாழ்த்திப் பதுங்குவதைக் கண்டு, குற்றத்தை உணர்ந்துவிட்டதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது நம்மைக் கண்டு அஞ்சுகிறது.

இரண்டு மாதக் குட்டியால் சிறுநீரை நெடுநேரம் அடக்க இயலாது. தூங்கி எழுந்ததும், உண்டதும், விளையாடி முடித்ததும் அதை ஒரே இடத்திற்கு அழைத்துச் சென்று, கழித்தவுடன் பாராட்ட வேண்டும். வீட்டினுள் நனைத்த இடத்தை வாசனை நீங்கக் கழுவ வேண்டும். இல்லாவிடில் அவ்வாசனையே அதை மீண்டும் அங்கு இழுக்கும்.

குட்டியின் 28 பாற்பற்கள் ஏறத்தாழ மூன்றாவது மாதத்திலிருந்து விழத் தொடங்குகின்றன. ஏழாவது மாதத்திற்குள் 42 நிலைப்பற்கள் முளைத்துவிடுகின்றன. இக்காலத்தில் அது செருப்பையும் மேசைக் காலையும் கடிப்பது இயல்பே. கடிக்கத் தகுந்த பொருள்களைக் கொடுத்து, மற்றவற்றை எட்டாத இடத்தில் வைப்பதே வழி. கையைக் கடித்தால், விளையாட்டை உடனே நிறுத்திச் சிறிது நேரம் விலகியிருத்தல் போதுமானது.

பாடம் ஒவ்வொன்றும் ஐந்து நிமிடத்தைக் கடத்தல் வேண்டா. வீட்டிலுள்ள அனைவரும் ஒரே சொல்லையே ஆள வேண்டும். ஒருவர் 'உட்கார்' என்றும், மற்றொருவர் 'இரு' என்றும் சொன்னால் குட்டி குழம்பும். அழைப்பிற்குச் செவிசாய்க்காத குட்டி பிடிவாதமானது என்று முடிவு செய்யும் முன் அதற்குக் காது கேட்கிறதா என்றும் சோதிக்க வேண்டும். வெண்ணிற ராஜபாளையம் குட்டிகளுள் சில பிறவிச் செவிடாக இருப்பதுண்டு. அவற்றையும் கைச் சைகைகளால் நன்கு பயிற்றலாம்.

வெறிநோய்த் தடுப்பு

பழக்கம் எவ்வளவு சிறந்ததாயினும், தடுப்பூசிக்கு அது ஈடாகாது. மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, கால்நடை மருத்துவர் கூறும் இடைவெளியில் அதைத் தொடர வேண்டும். நாய் கடித்தால், அது வீட்டு நாயாயினும், காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவரை அணுக வேண்டும். நோயின் அறிகுறிகள் தோன்றியபின் உயிர் பிழைத்தல் அரிதினும் அரிது.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல், ராம்பூர் என நம் நாட்டிற்கே உரிய நாயினங்கள் பல உள்ளன. 2016-இல் முதோல் நாய்கள் மீரத்திலுள்ள இராணுவ நிலையத்தில் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன. உயர்ந்த இனமாயினும் தெருவில் பிறந்த குட்டியாயினும், பழகும் பருவம் இரண்டிற்கும் ஒன்றே. நாய் ஒன்று பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் நம்முடன் வாழ்கிறது. அத்தனை ஆண்டுகளும் அது அஞ்சி வாழுமா, அன்புடன் வாழுமா என்பதைப் பெரும்பாலும் நிர்ணயிப்பவை, நாம் பொறுமையுடன் அதற்கு அளிக்கும் அந்தச் சில வாரங்களே.