ஏர்கோனுக்கு முன்னால் கூரை

பழைய வீட்டைப் புதுப்பிக்கக் கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால், மலாக்காவின் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஏர்கோன்தான். வரிசையில் அது கடைசியில் நிற்க வேண்டியது. மலாக்கா நிலநடுக்கோட்டுக்கு இரண்டு பாகை வடக்கே இருக்கிறது. ஆண்டின் எந்த நாளிலும் நண்பகல் சூரியன் 64 பாகைக்குக் கீழே சாய்வதில்லை. அதனால் வெயிலின் முழு அடியும் சுவரைவிடக் கூரைமேல்தான் விழுகிறது. மேகமில்லாத உச்சிவேளையில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,000 வாட். துருவேறிக் கறுத்த தகரம் அதில் பெரும்பகுதியைக் குடித்துவிட்டு, கீழே இருப்பவர் தலைமேல் வெப்பக் கதிராக இறக்கும். காற்றாடி காற்றைத்தான் அசைக்கும், கதிரைத் தடுக்காது. லயத்து வீட்டுக்குள் காற்றாடி சுழன்றாலும் மத்தியானத்தில் மரத்தடியே சுகமாக இருப்பது இதனால்தான்.

இதற்கு மருந்து விலை குறைந்த அலுமினியத் தாள். பளபளக்கும் அலுமினியம் சூடேறினாலும் அந்தச் சூட்டைக் கதிராக வெளியே விடுவது மிகக் குறைவு. கூரையைப் பிரிக்க வேண்டியதில்லை. கைமரங்களின் அடிப்பக்கத்தில் அறைந்துவிடலாம். ஆனால் தகரத்தோடு ஒட்டிவிட்டால் சூடு தொடுகையிலேயே கடந்துவிடும். நடுவே இரண்டு மூன்று சென்டிமீட்டராவது காற்றிடைவெளி வேண்டும். மினுங்கும் பக்கம் கீழே பார்க்கட்டும். மேலே பார்த்தால் தூசி படிந்து சில ஆண்டுகளில் வேலை செய்யாது. கூரைக்கு வெள்ளைச் சாயம் பூசினால் போதாதா என்பார்கள். நல்லதுதான், ஆனால் நம் ஈரக் காற்றில் பாசி பிடித்து வெள்ளை கறுக்கும். அவ்வப்போது கழுவித்தான் ஆக வேண்டும்.

அந்தக் காலத்தில் ஜன்னலைத் திறந்தே வாழ்ந்தோமே என்ற வாதத்திலும் நியாயம் உண்டு. மலாக்கா நகரில் 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் நிற்கும் ஜாலான் துக்காங் எமாஸ் பக்கத்துக் கடைவீடுகளின் திறந்த முற்றம், சூடான காற்றை மேலே அனுப்பும் வழி. அதைப் பிளாஸ்டிக் தகடு போட்டு மூடி அறையாக்கிவிட்டு ஏர்கோன் மாட்டுவது வீட்டுக்குச் செய்யும் கெடுதல். திறந்த வீட்டையும் ஏர்கோனையும் ஒன்றாக வைத்துக்கொள்ள முடியாது. காற்றிலுள்ள ஒரு லிட்டர் நீரைப் பிரிக்க ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பத்தை ஏர்கோன் வெளியேற்ற வேண்டும். பலகைச் சுவரின் இடுக்கிலும் நாக்கோ ஜன்னலின் சந்திலும் ஈரக் காற்று நுழைந்துகொண்டே இருந்தால், மின்கட்டணத்தில் பெரும்பங்கு குளிர்ச்சிக்குப் போகாது, வெளிக்குழாயில் தண்ணீராகச் சொட்டும். ஆகவே படுக்கையறை ஒன்றை மட்டும் இடுக்கில்லாமல் அடைத்து ஏர்கோன் வையுங்கள், மற்ற அறைகள் திறந்தே இருக்கட்டும்.

வேலையைத் தொடங்குமுன் ஒன்றைப் பாருங்கள்: கூரை பழைய சிமெண்ட் அட்டையாக இருந்தால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். சுரண்டவோ துளையிடவோ வேண்டாம். அந்த வேலை தெரிந்தவர்களிடம் விடுங்கள்.