வங்கித் தொழிலை நாடும் மாணவர்க்கு

உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளிவரும் நாட்களில், வணிகப் பிரிவில் பயின்ற பிள்ளைகளின் பெற்றோர் நம்மிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றேயாகும். "சேர், பிள்ளைக்கு வங்கியிலே ஓர் இடம் கிடைக்குமோ?" என்பர். குளிரூட்டிய அறை, கழுத்துப்பட்டி, மாத முடிவில் தவறாத சம்பளம் ஆகிய மூன்றுமே அவர்களின் மனக்கண்ணில் நிற்கும் வங்கி. அக்கேள்விக்கு இரண்டொரு சொல்லில் விடை கூறுதல் இயலாது. ஆதலின் இங்கே சற்று விரித்து எழுதுகின்றோம்.

இவ்வாவல் நமக்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொட்டு யாழ்ப்பாணத்து இளைஞர் மலாயாவுக்குக் கப்பலேறிப் புகையிரதப் பகுதியிலும் அரசாங்க அலுவலகங்களிலும் எழுதுவினைஞராக அமர்ந்தனர். 'மலாயாப் பென்சன்காரர்' என்றொரு வகுப்பாரே நம் ஊர்களில் உருவாயினர். கணக்கைப் பிழையற எழுதும் கை என்ற நற்பெயரே அவர்களுடைய மூலதனம். பின்னர் 1939இல் இலங்கை வங்கியும் 1950இல் மத்திய வங்கியும் தோன்றின. கூட்டுறவுச் சமஷ்டி வங்கியின் வழித்தோன்றலாக 1961இல் மக்கள் வங்கி எழுந்தது. அக்காலத்து வங்கி எழுதுவினைஞர் பெரிய பேரேட்டைக் கையால் எழுதிக் கையால் கூட்டினார். இன்று அவ்வேலையைக் கணினி செய்கின்றது. பணம் எண்ணிக் கொடுப்பதை ஏ.ரீ.எம். பொறியும் கைத்தொலைபேசியும் ஏற்றுக்கொண்டன. எனவே கூட்டத் தெரிந்தவனுக்கு மட்டும் வங்கியில் இனி இடமில்லை. கடன் கேட்டு வந்தவரின் தொழிலை அறிந்து, கொடுக்கலாமா கூடாதா என்று தீர்மானிக்கத் தெரிந்தவனுக்கே இடமுண்டு.

இதனை விளக்க மயிலிட்டியை எடுத்துக்கொள்வோம். வலிகாமம் வடக்கின் இக்கடற்கரை ஊரில் நிதியியலின் அடிப்படைப் பாடங்கள் பலவும் பாடநூலின்றியே வழங்கிவந்துள்ளன. பிடிபட்ட மீனை விற்ற பணத்தில் வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, உழைத்தவர்க்கு இவ்வளவு என்று கரையிலேயே பிரித்துக்கொள்வர். நட்டமாயின் அதுவும் பங்காகும். கொழும்புப் பங்குச் சந்தையின் தத்துவமும் இதற்கு அப்பாற்பட்டதன்று. அவ்வாறே வியாபாரியிடம் முற்பணம் வாங்கிய கடற்றொழிலாளி தன் மீனை அவருக்கே, அவர் கூறும் விலைக்கே கொடுக்க வேண்டியவனாகின்றான். வட்டியென்று ஒரு சொல்லும் பேசப்படுவதில்லை; ஆனால் குறைந்த விலையினுள்ளே வட்டி ஒளிந்திருக்கின்றது. இதனைக் கண்டுகொண்ட மாணவன் நிதியியலின் பாதியைக் கற்றவனாவான்.

இனி அவ்வூரின் துயரத்தைக் கூறாதிருத்தல் இயலாது. 1990இல் மயிலிட்டி மக்கள் இடம்பெயர்ந்தனர். துறைமுகமும் அதனைச் சூழ்ந்த நிலமும் 2017 ஜூலையிலேயே விடுவிக்கப்பட்டன. கலைமகள் மகா வித்தியாலயம் அடுத்த ஆண்டில் மீண்டது. எல்லாக் காணிகளும் ஒருங்கே விடுபடவுமில்லை. 2019இல் துறைமுகப் புனரமைப்பின் முதற்கட்டம் நிறைவெய்திற்று. 2025 செப்டெம்பரில் மூன்றாங் கட்டப் பணி தொடங்கப்பட்டது. இருபத்தேழு ஆண்டுகள் நலன்புரி நிலையங்களிலும் வாடகைக் குடில்களிலும் வாழ்ந்தவர் திரும்பி வந்து வீடு கட்டவும் வள்ளம் வாங்கவும் வங்கியின் வாயிலில் நிற்கும்போது, அதிகாரி முதலிற் கேட்பது காணி உறுதியையே. உறுதி ஓடிய ஓட்டத்திலே தொலைந்திருக்கும். எல்லைக்கல் இருந்த இடத்தில் பற்றை மண்டியிருக்கும். உரிமையாளர் மூவருள் ஒருவர் கனடாவிலும் ஒருவர் பிரான்சிலும் இருப்பர்.

இங்கேதான் நம் ஊர்ப் பிள்ளையின் அறிவு பெறுமதி பெறுகின்றது. 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியில் தொகுக்கப்பெற்ற தேசவழமையின்படி மணமான பெண் தன் சீதனக் காணியை ஈடு வைக்கக் கணவனின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டும். யுத்தகாலத்தில் தம் காணிக்காக வழக்காட இயலாதிருந்தோரைக் காக்க 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்தில் எவ்வாறு தேடுவது, முதுசம் எது, சீதனம் எது, ஒற்றி எது என்பவற்றை அறிந்த கடன் அதிகாரி, ஒரு குடும்பத்தின் விண்ணப்பத்தை நிராகரிக்காது நிறைவு செய்ய உதவுவான். தலைநகரிலிருந்து மாற்றலாகி வந்தவர் இவற்றை அறிந்துகொள்ள ஈராண்டு செல்லும்; அதற்குள் மறுபடி மாற்றலாகிப் போய்விடுவார்!

வழிகளைப் பற்றிச் சிறிது கூறுவோம். அரச வங்கிகள் போட்டிப் பரீட்சை வைத்துப் பயிலுநரைச் சேர்க்கின்றன. தனியார் வங்கிகள் உயர்தரச் சித்தியோடு கணிதத்தையும் ஆங்கிலத்தையும் நோக்குகின்றன. உள்ளே சென்றபின் 1979ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இலங்கை வங்கியாளர் நிறுவனத்தின் பரீட்சைகள் ஏணிப்படிகளாகும். கணக்காளராக விரும்புவோர்க்கு 1959இல் நிறுவப்பெற்ற பட்டயக் கணக்காளர் நிறுவனம் உண்டு. அது நெடிய பாதை. இடையில் விழுந்தோர் பலர். பணவசதி குறைந்த பிள்ளைகளுக்கு நாம் முதலிற் கூறுவது ஏ.ஏ.ரி. என வழங்கும் கணக்கீட்டுத் தொழினுட்பவியலாளர் பரீட்சையையே. 1987இல் தொடங்கிய அதனைத் தமிழிலும் எழுதலாம். யாழ்ப்பாணத்து உயர் தொழினுட்ப நிறுவனத்தின் கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமாவும் நன்று. பல்கலைக்கழக முகாமைத்துவ பீடத்துக்கு வெட்டுப்புள்ளி எட்டாதவர், எல்லாம் முடிந்ததென்று வீட்டில் முடங்கிக் கிடப்பது வீண். காப்புறுதி முகவராவோரும் நியமனத்துக்கு முன் ஒரு பரீட்சையிற் சித்தியெய்துதல் வேண்டும் என்பதைப் பலர் அறியார். அத்தொழிலில் நிலையான சம்பளத்திலும் தரகே பெரிது. நாவன்மை உள்ளவர்க்கு வாய்க்கும், கூச்சமுள்ளவர்க்கு வருத்தம்.

இவற்றைவிட எளிதாகத் திறக்கும் வாயில் ஒன்றுண்டு. 2009இன் பின்னர் வடக்கில் நிதி நிறுவனங்களும் லீசிங் கம்பெனிகளும் நுண்கடன் நிறுவனங்களும் பெருந்தொகையாக வந்தன. மோட்டார்ச் சைக்கிளும் உயர்தரச் சான்றிதழும் உள்ள இளைஞரை வெளிக்கள உத்தியோகத்தராக அவை எடுத்தன. நம் மாணவர் பலர் அவ்வழிச் சென்றனர். காலையில் கிராமத்துக்குப் போய்ப் பெண்களைக் குழுவாகக் கூட்டிக் கடன் கொடுத்தலும், வாரந்தோறும் அவர்களின் படலையில் நின்று தவணை அறவிடலும் அவர்கள் வேலை. ஒரு கடனைக் கட்ட மறு கடன் வாங்கிய பெண்களின் நிலை முற்றி, 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்ய முன்வரும் அளவுக்குச் சென்றது.

நம் பழைய மாணவர் ஒருவர் அவ்வேலையை ஏழு மாதத்தில் விட்டுவந்தார். "சேர், இலக்கத்தை எட்டாவிட்டால் எனக்குச் சம்பளம் குறையும், எட்டினால் அந்த அக்காவின் வீட்டில் அடுப்பெரியாது," என்றார். அவரைக் கோழை என்று எண்ண நமக்கு மனம் வரவில்லை. இன்று அவர் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கணக்காளர், சம்பளம் சிறிதுதான்.

அவர் கண்ட கணக்கை மாணவரும் ஒருமுறை செய்து பார்க்கலாம். ஒரு இலட்சம் ரூபா கடன், ஓராண்டு, 24 சதவீத 'நிலையான' வட்டி. வட்டி 24,000 ரூபா. மாதத் தவணை 10,333 ரூபா. இருபத்துநான்கு என்பது கேட்க மோசமாகத் தோன்றாது. ஆனால் மாதந்தோறும் முதலும் குறைந்து போவதால் ஆண்டு முழுவதும் சராசரியாகக் கடன்காரியின் கையில் இருப்பது பாதிக்குச் சற்று மேற்பட்ட தொகையே. வட்டியோ முழுத்தொகைக்கும் அறவிடப்படுகின்றது. குறைந்துசெல்லும் மீதிக்கு வட்டி கணித்தால் அது ஏறத்தாழ 42 சதவீதமாகும். இதனை வாங்குபவர்க்குக் கூறாமல் கையொப்பம் பெறுபவன் சட்டத்துக்குத் தப்பலாம். அயலவர் முகத்தில் விழிப்பது அரிது.

வேலைக்குச் செல்லுமுன் நிறுவனத்தை மாணவரும் பரிசோதிக்க வேண்டும். மத்திய வங்கி தன் அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலை வெளியிடுகின்றது. அனுமதியின்றி வைப்புப் பெறுவோரிடமும் ஆட்சேர்த்தால் பணம் என்போரிடமும் வேலைக்குச் சேர்வது, பின்னர் உறவினர் எல்லாரும் வாசலில் வந்து நிற்க வழி செய்வதாகும். அனுமதி ஒன்றே முழுக் காவலுமன்று. நெடுங்காலம் இயங்கிய ஒரு பெரிய நிதிக் கம்பெனியின் அனுமதிப்பத்திரம் 2020 மே மாதத்தில் இரத்தாயிற்று. வைப்பாளருக்குக் காப்புறுதித் திட்டம் 11 இலட்சம் ரூபா வரையே கைகொடுக்கும். 2022 ஏப்ரலில் நாடே வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அறிவித்ததையும், அவ்வாண்டு செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை அணுகியதையும் நம் மாணவர் பசியோடு அனுபவித்தவர்கள். சேமிப்பின் பெறுமதி கரைதல் என்பதை அவர்களுக்குப் படம் வரைந்து விளக்க வேண்டியதில்லை.

ஆங்கிலம் வேண்டுமா என்று கேட்பர். வேண்டும், சுற்றறிக்கையும் கணினியும் ஆங்கிலத்திலேயே பேசுகின்றன. சிங்களமும் தெரிந்தால் மாற்றலுக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் மயிலிட்டிக் கரையில் நின்று ஒரு கடற்றொழிலாளிக்குக் கடன் பத்திரத்தின் நிபந்தனைகளை விளங்கும் தமிழிற் சொல்ல வல்லவர் வங்கிகளில் மிகச் சிலரே. அத்தமிழையும் பயிலுக.

பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை சில மாதங்கள் வெறுமையாகக் கழிகின்றன. அக்காலத்தில் ஏ.ஏ.ரி. முதற்படிக்குப் பதிவு செய்துகொள்ளலாம். ஊர்க் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துச் செயலாளரை அணுகி, வரவு செலவுப் புத்தகம் எழுத உதவுவதாகக் கேட்டுப் பார்க்கலாம். பெரும்பாலும் மறுக்கமாட்டார், எழுத ஆளில்லை என்பதே அங்கு எப்பொழுதும் உள்ள குறை.