மூட்டையை அவிழ்ப்போம், தட்டில் அடுக்குவோம்

"வீட்டைக் கட்டிப்பார், கலியாணம் செய்துபார்" என்பார்கள். வன்னியில் நாங்கள் வீட்டை ஒருமுறையல்ல, பலமுறை கட்டிப் பார்த்தவர்கள். கிடுகுக் கொட்டில், தறப்பாள் கூடாரம், தகரக் கொட்டகை எல்லாம் தாண்டித்தான் பலர் கல்வீட்டுக்கு வந்திருக்கிறோம். இந்திய வீட்டுத்திட்டத்தின் கீழ் 2012 இன் பின் கட்டப்பட்ட வீடுகள் ஏறத்தாழ 550 சதுர அடி. உதவித்தொகை ஐந்தரை இலட்சம் ரூபா, தவணை தவணையாகக் கிடைத்தது. சுவர் எழும்பியது, கூரையும் ஏறியது. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் உடுப்பு இன்னும் உரப்பையில் கிடக்கிறது. பாத்திரம் கட்டிலுக்குக் கீழே. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழைத் தேடி நாலு பைகளைக் கொட்ட வேண்டியிருக்கிறது.

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று பணம், மற்றது மனம். தூக்கிக்கொண்டு ஓட வசதியாக எல்லாவற்றையும் மூட்டையாகவே வைத்துப் பழகிவிட்டோம். மெனிக் பாம் முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. ஆனால் மூட்டை அவிழாத வீடுகள் இன்னும் உண்டு.

கடனுக்கு அலுமாரி வேண்டுமா?

வீடு முடிந்தவுடன் அலுமாரி வேண்டும் என்று தோன்றும். தவணைக்குத் தருவதாகச் சொல்லிக்கொண்டு படலை வரை வருவார்கள். கிழமைக் கடன் எங்கள் பெண்களை என்ன பாடு படுத்தியது என்பதை நாம் அறிவோம். வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில், ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடனைக் கட்ட முடியாமல் தவித்த பெண்களுக்காக 2018 இல் அரசே நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது. வன்னி மாவட்டங்களும் அவற்றுள் அடங்கும். பலகைத் தட்டு செய்யக்கூடிய வேலைக்காகக் கடன்பட வேண்டாம்.

கதவில்லாத தட்டு புதுநாகரிகமும் அல்ல. எங்கள் பாட்டிமாரின் மண்வீட்டில் விளக்குக்கு மாடம், தயிருக்கு உறி, நெல்லுக்கும் விதைக்கும் பரண் இருந்தன. எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தன, கைக்கும் எட்டின.

முதலாம் உலகப் போருக்குப் பின் ஜேர்மனியிலும் வீட்டுப் பஞ்சம் வந்தது. பிராங்பேர்ட் நகரில் சிறிய வீடுகளைக் கட்டினார்கள். அவற்றின் குசினியை 1926 இல் வரைந்தவர் மார்கரெட்டே ஷூற்ற லிகோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர். அகலம் 1.9 மீற்றர், நீளம் 3.4 மீற்றர், அவ்வளவுதான். சமைக்கிறவள் வீணாக நடக்கக்கூடாது என்று கணக்குப் பார்த்து, வேண்டிய சாமான் கைநீட்டும் தூரத்தில் வரும்படி அமைத்தார். எங்கள் குசினிக்கும் அந்தக் கணக்கே போதும்.

பலகையும் பிடியும்

லின்ரல் கொங்கிறீற் போட அடித்த பலகை மிஞ்சிக் கிடந்தால், ஆணியைக் கழற்றிச் சீவி எடுங்கள். வேம்பும் முதிர்ந்த பனையும் எளிதில் உளுத்துப் போகாதவை. போத்தல், பேணிக்கு 6 அங்குல அகலம் போதும். சாப்பாட்டுக் கோப்பைக்கு 10, மடித்த உடுப்புக்கு 14 அங்குலம் வேண்டும்.

சீமெந்துக் கல்லில் வெறும் ஆணி நிற்காது, கல் உதிர்ந்துவிடும். மேசனையோ ஓடாவியாரையோ கொண்டு துளையிட்டு, பிளக் வைத்து, திருகாணியால் இரும்புப் பிடியைப் பூட்டுவியுங்கள். இரண்டு அடிக்கு ஒரு பிடி வேண்டும். பிடியின் நீண்ட கை சுவரோடு இருக்கட்டும். மின்சுவிச்சுக்கு நேர் மேலேயோ கீழேயோ துளையிடக்கூடாது, உள்ளே வயர் ஓடும்.

துளையிட வழியில்லையா? இரண்டு பக்கமும் சீமெந்துக் கல்லை அடுக்கி நடுவே பலகை வையுங்கள். பிள்ளைகள் ஏறுவார்கள் என்பதால் இடுப்பு உயரத்துக்கு மேல் போக வேண்டாம்.

பார்க்க அழகாக

திறந்த தட்டில் எல்லாம் தெரியும். ஆகவே அன்றாடம் எடுப்பதை மட்டும் வையுங்கள். ஜாம் போத்தல்களை ஒரே அளவாகச் சேர்த்து மல்லி, மிளகாய், பருப்பு என்று நிரப்பினால் அந்த நிறங்களே அலங்காரம். பால்மாப் பேணிகளுக்கு ஒரே நிறம் பூசுங்கள். சில்லறைச் சாமான்களைப் பனையோலைப் பெட்டிக்குள் போட்டு வரிசையாக வைத்தால் குப்பை தெரியாது. பழைய சீலைக் கரையைத் தட்டின் விளிம்பில் தொங்கவிடலாம். இடையில் கொஞ்சம் வெற்றிடம் விடுங்கள், அதுவும் அழகுதான்.

செம்மண் புழுதிக்குக் கிழமைக்கு ஒரு துடைப்பு வேண்டும். விறகடுப்புக்கு மேலே தட்டு வேண்டாம், கரி படியும், நெருப்பும் பிடிக்கலாம்.

நிலத்தில் நிற்கும் தட்டுக் கால்களில் கறையான் ஏறுகிறதா என்று அடிக்கடி பாருங்கள். எறும்புக்காகக் காலடியில் தண்ணீர் வைத்தால் அதில் டெங்கு நுளம்பு பெருகும். உப்புப் போட்டு, கிழமைக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவி மாற்றுங்கள். வயலுக்கு அடிக்கும் மருந்தைத் திறந்த தட்டில் ஒருபோதும் வைக்காதீர்கள். அது பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும்.

மேல் தட்டு

2018 டிசெம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை மறக்க முடியாது. ஆகவே கீழ்த் தட்டு நிலத்திலிருந்து ஒன்றரை அடியாவது உயர்ந்திருக்கட்டும். மேல் தட்டில் மூடியுள்ள ஒரு பிளாஸ்ரிக் பெட்டி வையுங்கள். காணிப் பத்திரம், பிறப்பு, இறப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம், காணாமற்போனவர் பற்றிக் கொடுத்த முறைப்பாட்டின் பிரதி எல்லாம் அதற்குள் இருக்கட்டும். நாளைக்கு வெள்ளம் வந்தாலும் அந்த ஒரு பெட்டியைத் தூக்கினால் போதும். மற்றதெல்லாம் மூட்டைக்குள் காத்திருக்கத் தேவையில்லை.

கடைசியாகப் படங்கள். இறந்தவரின் படத்துக்கு மாலை போட்டு விளக்கு வைக்கிறோம். தேடிக்கொண்டிருக்கும் கணவனின், பிள்ளையின் படத்துக்கு மாலை போட எங்களுக்கு மனம் வருவதில்லை. போடவும் வேண்டாம். யாரும் வற்புறுத்தவும் இடம் கொடுக்க வேண்டாம். அந்தப் படத்தைக் கூடத்தில், பிள்ளைகளின் புத்தகங்கள் இருக்கும் தட்டில், குடும்பத்தின் மற்றப் படங்களோடு வையுங்கள். இந்த வீட்டில் அவருக்கும் ஓர் இடம் உண்டு.

ஒரே நாளில் எல்லாவற்றையும் அடுக்க வேண்டியதில்லை. இந்தச் சனிக்கிழமை ஒரு பலகை, ஒரு மூட்டை. அதை அவிழ்த்து அடுக்கிப் பாருங்கள். வெறும் சுவர் உங்கள் வீடாக மாறும்.