பயாஸ் பூட்டும் பழைய பில்லும்

மடிக்கணினியை ஆன் செய்கிறீர்கள். விண்டோஸ் எட்டிப் பார்ப்பதற்கு முன்பே கறுப்புத் திரையில் ஒரு கட்டம் வந்து பாஸ்வேர்டு கேட்கிறது. எப்போதோ போட்டது, நினைவுக்கு வரவில்லை. மூன்று முறை தப்பாக அடித்ததும் இயந்திரம் அப்படியே நின்றுவிடுகிறது. நாளை ஒப்படைக்க வேண்டிய கல்லூரி புராஜெக்டோ கடைக் கணக்கோ உள்ளே கிடக்கிறது. இந்தப் பதற்றத்தோடு தெருமுனைக் கடைக்கு ஓடுகிறவர்கள் பணத்தையும் தகவலையும் சேர்த்தே இழப்பதுண்டு. ஓடுவதற்கு முன் ஐந்து நிமிடம் உட்காருங்கள்.

பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு மறுபடி ஆன் செய்தால் பெரும்பாலான மடிக்கணினிகள் இன்னொரு வாய்ப்புத் தரும். கேப்ஸ் லாக், நம்பர் லாக் இரண்டையும் பாருங்கள். விரல்ரேகை வைத்தே பல மாதம் திறந்தவர்களுக்குப் பாஸ்வேர்டு மறப்பது இயல்பு. அந்த விரல் இப்போதும் வேலை செய்கிறதா என்று வைத்துப் பாருங்கள்.

அடுத்து, எந்தப் பூட்டு என்று பிரித்தறிய வேண்டும். ஆன் செய்ததும் கேட்பது பவர்-ஆன் பாஸ்வேர்டு. கணினி வழக்கம்போல் ஓடி, விண்டோஸுக்கு முன்னால் கணினியை எழுப்பும் பயாஸின் அமைப்புகளுக்குள் நுழையும்போது மட்டும் கேட்பது சூப்பர்வைசர் பாஸ்வேர்டு. சில நிறுவனங்கள் அட்மின் பாஸ்வேர்டு என்று சொல்லும். இது மட்டும் மறந்திருந்தால் அவசரமே இல்லை. கோப்புகளை நகலெடுத்துவிட்டு நிதானமாக வழி தேடலாம். மூன்றாவது, ஹார்ட் டிஸ்க் பாஸ்வேர்டு. மூன்றிலும் கடுமையானது இதுதான். பூட்டு டிஸ்க்குக்குள்ளேயே இருப்பதால் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் திறக்காது. தங்கள் சர்வீஸ் ஆட்களாலேயே இதை நீக்கவோ தகவலை மீட்கவோ முடியாது என்று லெனோவோ தன் திங்க்பேட் கையேட்டில் எழுதியே வைத்திருக்கிறது.

முதல் இரண்டு பூட்டுகளும் கோப்புகளைத் தொடுவதில்லை. எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி, யு.எஸ்.பி. கேஸில் போட்டு வேறு கணினியில் செருகினால் எல்லாம் தெரியும். (போர்டிலேயே பற்றவைத்த மெல்லிய மாடல்களில் இது நடக்காது.) விண்டோஸின் டிஸ்க் குறியாக்கமான பிட்லாக்கர் ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து விண்டோஸ் 11 அமைத்தவர்களில் பலருக்கு, தாங்கள் போடாமலே இது போடப்பட்டிருக்கும். போனில் அதே கணக்கைத் திறந்தால் பெரும்பாலும் சாவி அங்கே இருக்கும். மதர்போர்டு மாற்றினாலும் இந்தச் சாவி தேவைப்படும் என்பதால், எந்தப் பழுதுபார்ப்புக்கும் முன்னால் அதைத் தாளில் எழுதி வையுங்கள்.

“உள்ளே இருக்கிற காசு பேட்டரியைக் கழற்றி மாட்டு, போயிடும்” என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். பழைய மேசைக் கணினிகளில் அது பலித்தது. அங்கே பாஸ்வேர்டு 3 வோல்ட் காசு பேட்டரியின் தயவில் நினைவிருக்கும் இடத்தில் இருந்தது. இன்றைய மடிக்கணினிகளில், குறிப்பாக அலுவலகங்களுக்கென்று செய்யப்படுபவற்றில், மின்சாரமே இல்லாவிட்டாலும் அழியாத சிப்பில் அது பதிகிறது. திருடிக்கொண்டு போனவன் ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்து திறந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனை கெடுபிடி.

அதனால்தான் தயாரிப்பாளரிடம் போனாலும் முதலில் கேட்பது நீங்கள் உரிமையாளரா என்பதையே. டெல் நிறுவனம் சர்வீஸ் டேக் எண்ணையும் உரிமைச் சான்றையும் சரிபார்த்த பிறகே பூட்டை விடுவிக்கும் வழிக்கு வரும். திங்க்பேடில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு மறந்தால் அதை அழிக்கும் முறையே கிடையாது. மதர்போர்டைத்தான் மாற்ற வேண்டும், அதற்கும் வாங்கியதற்கான சான்றும் கட்டணமும் வேண்டும் என்கிறது லெனோவோ. இன்டெல் சிப் உள்ள பழைய மேக்புக்குகளில் ஃபர்ம்வேர் பாஸ்வேர்டு மறந்தால் ஆப்பிளும் அசல் பில்லையே கேட்கும். உங்களிடம் இருக்க வேண்டிய சாவி அந்த ஒரு தாள்தான்.

பில் இல்லாதவர்கள் போய்ச் சேருமிடம் சிப் லெவல் சர்வீஸ் கடை. எட்டுக் கால் கொண்ட அந்த பயாஸ் சிப்பைப் பிரித்தெடுத்து, புரோகிராமர் கருவியில் வைத்துப் புதிதாக எழுதுவார்கள். கை தேர்ந்தவர்கள் செய்கிறார்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் சீரியல் எண், சர்வீஸ் டேக், கம்பெனி கொடுத்த விண்டோஸ் உரிமம் எல்லாம் குடியிருப்பது அதே இடத்தில். வேறொரு கணினியின் நகலை அப்படியே ஏற்றிவிட்டால் உங்கள் இயந்திரம் ஊர் பேர் தெரியாததாகிவிடும். வாரண்டி போகும். சூடு கூடினால் போர்டே போகும். தெரிந்துதான் கொடுக்கிறீர்கள் என்றால் எஸ்.எஸ்.டி.யைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கொடுங்கள். பாஸ்வேர்டை நீக்க டிஸ்க் தேவையில்லை. என்ன வேலை, எவ்வளவு கட்டணம் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள்.

திரையில் தெரியும் எண்ணை அனுப்பினால் மாஸ்டர் பாஸ்வேர்டு தருவதாகச் சொல்லி, முன்பணம் கேட்கும் முகம் தெரியாதவர்களிடம் கூடுதல் கவனம் வேண்டும். பணம் போய்விட்டால் தயங்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள். தாமதிக்கிற ஒவ்வொரு மணி நேரமும் பணம் கை மாறிக்கொண்டிருக்கும்.

இனி, நான் அதிகம் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் தொடங்கி ஊர் ஊராக, அலுவலகங்கள் கழித்துவிட்ட மடிக்கணினிகள் செகண்ட் ஹேண்டாக விற்பனைக்கு வருகின்றன. கல்லூரி மாணவர்களுக்கு இவை வரப்பிரசாதம். ஆனால் பழைய அலுவலகம் போட்ட சூப்பர்வைசர் பாஸ்வேர்டு அப்படியே இருந்தால், அன்றாட வேலையில் அது கண்ணில் படாது. என்றைக்கோ விண்டோஸை மறுபடி நிறுவ பென் டிரைவ் செருகும்போதுதான் கதவு மூடியிருப்பது தெரியும். இன்னொன்று, அது திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம். திருடப்பட்ட கணினி என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ நேர்மையற்ற எண்ணத்துடன் வைத்திருந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66பி பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வேலையை விட்டவர் கையில் தங்கிவிட்ட கம்பெனி கணினியும் கம்பெனியுடையதே. அந்தப் பூட்டைத் திறக்கும் உரிமை ஊழியருக்கு இல்லை.

கடையில் வாங்கியவருக்குச் சட்டம் துணை இருக்கிறது. பில் தர மறுப்பதையே முறையற்ற வணிக நடைமுறை என்கிறது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். பூட்டை மறைத்து விற்றிருந்தால் முதலில் கடைக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப் செய்தியும் எழுத்துதான். மசியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே செய்யலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. தெரிந்தவரின் தெரிந்தவரிடம் தனிப்பட்ட முறையில் விலைக்கு வாங்கியவருக்கு இந்த வழி பொதுவாகத் திறக்காது.

ஆகவே செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது பணத்தை எண்ணுவதற்கு முன் கடையிலேயே அணைத்து ஆன் செய்யச் சொல்லுங்கள். திங்க்பேடில் எஃப் 1, டெல்லில் எஃப் 2, எச்.பி.யில் எஃப் 10 விசையைத் தட்டி பயாஸுக்குள் போங்கள். பாஸ்வேர்டு கேட்டால் வாங்காதீர்கள். கேட்காவிட்டால் செக்யூரிட்டி பக்கத்தில் எந்த பாஸ்வேர்டும் போடப்படவில்லை என்று காட்டுகிறதா பாருங்கள். கணினியின் அடியில் இருக்கும் சீரியல் எண்ணும் பயாஸ் காட்டும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். அதே எண்ணைப் பில்லிலும் எழுதச் சொல்லி வாங்குங்கள்.